தத்துவ போதகர்



இந்த மாதச் சுவர் இதழுக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாறு எழுதித் தரச் சொன்னார் தமிழ் ஐயா. காமராஜர் போன தடவையே வந்துவிட்டார். சுப்பிரமணிய சிவா நம்ம பாப்பாரப்பட்டியில் மறைந்தவர் என்பதால் அவர் இதுவரைக்கும் மூன்று தடவை வந்துவிட்டார். அதனால் யாருமே எழுதாத ஒருவரை எழுதலாம் என்று நினைத்தேன். வீரமாமுனிவரை நம் எல்லோருக்கும் தெரியும். தேம்பாவணி பாடியவர், சதுரகராதி தந்தவர். அவர் காவி உடுத்தி சாமியார் மாதிரி இருக்கும் படத்தைப் புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள். இத்தாலிக்காரர் ஏன் காவி கட்டினார் என்று வகுப்பில் நான் கேட்டேன். அந்த வழக்கத்தைத் தொடங்கியவர் அவர் இல்லை, அவருக்கு நூறு வருஷத்துக்கு முன்னாடியே வந்த இன்னொருத்தர் என்று ஐயா சொன்னார். அவர்தான் தத்துவ போதகர். சொந்தப் பெயர் ராபர்ட் தெ நொபிலி.

இவர் 1577-ஆம் ஆண்டு இத்தாலியில் பிறந்தார். ஏழைக் குடும்பம் இல்லை, பிரபுக் குடும்பம். போப்பாண்டவராக இருந்தவர்கள்கூட இவர்கள் உறவுமுறையில் உண்டு. அப்படிப்பட்ட வீட்டு மூத்த பிள்ளை சாமியாராகப் போகிறேன் என்றால் எந்த வீட்டில்தான் விடுவார்கள்? இவர் வீட்டுக்குத் தெரியாமல் நேப்பிள்ஸ் நகரத்துக்குப் போய், 19, 20 வயதில் இயேசு சபையில் சேர்ந்துவிட்டார். 1604-இல் லிஸ்பனில் கப்பல் ஏறினார். வழியில் மொசாம்பிக் பக்கத்தில் கப்பல் விபத்தாகி, அங்கேயே ரொம்ப நாள் காத்துக் கிடந்து, 1605 மே மாதம்தான் கோவா வந்து சேர்ந்தார். அப்புறம் கொச்சி, முத்துக்குளித்துறை, கடைசியில் 1606 நவம்பரில் மதுரை.

அப்போது மதுரையில் நாயக்கர் ஆட்சி. அங்கே ஏற்கெனவே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற வயதான போர்த்துக்கீசியச் சாமியார் இருந்தார். சின்னதா ஒரு பள்ளிக்கூடம், மருந்து கொடுக்க ஒரு இடம் எல்லாம் வைத்திருந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் 11 வருஷத்தில் மதுரைக்காரர் ஒருத்தர்கூட அவர் பேச்சைக் கேட்டு மதத்தில் சேரவில்லை. காரணம் என்னவென்று நொபிலி விசாரித்தார். மக்கள் இவர்களைப் பரங்கி என்றார்கள். பரங்கி என்றால் குளிக்க மாட்டான், குடிப்பான், மாட்டுக்கறி சாப்பிடுவான், அவனோட சேர்ந்தால் நாமும் சாதியை விட்டுப் போக வேண்டும் என்று அர்த்தமாம். கிறிஸ்தவ மதத்துக்கே பரங்கி மார்க்கம் என்றுதான் பெயர். ஞானஸ்நானம் கொடுக்கும்போதுகூட, பரங்கி மார்க்கத்தில் சேர சம்மதமா என்றுதான் கேட்பார்களாம்! இது தெரிந்தபோது நொபிலிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அன்றைக்கு அவர் ஒரு முடிவு எடுத்தார். கறுப்பு அங்கியைக் கழற்றிவிட்டுக் காவி உடுத்தினார். காலில் மரக்கட்டைச் செருப்பு, கையில் கமண்டலம். தனியாக ஒரு குடிசை போட்டு, ஒரு பிராமணச் சமையல்காரரை வைத்துக்கொண்டார். ஒரு நாளைக்கு ஒரே வேளைச் சாப்பாடு, அதுவும் சோறும் காய்கறியும்தான். (எங்க ஆயாவிடம் இதைச் சொன்னேன். களி தின்றிருந்தால் ஒரு வேளையே போதும், சோறு என்றால் எப்படித் தாங்கும் என்று கேட்டாங்க.) நான் பரங்கி இல்லை, உரோமாபுரியில் இருந்து வந்த சந்நியாசி என்று எழுதி எல்லோருக்கும் தெரிவித்தார்.

வேஷம் போட்டதால் ஜெயித்தார் என்று சிலர் சொல்வார்களாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அவர் உண்மையில் செய்தது படிப்பு. கொஞ்ச மாதத்திலேயே தமிழில் பேசக் கற்றார், தெலுங்கும் கற்றார். அப்புறம் சிவதர்மன் என்ற பிராமண பண்டிதரிடம் சமஸ்கிருதமும் வேதமும் படித்தார். வேதத்தை வெளி ஆளுக்கு, அதுவும் வெள்ளைக்காரருக்குச் சொல்லிக் கொடுப்பது பெரிய குற்றம். வெளியே தெரிந்தால் அந்த ஆசிரியருக்குத்தான் ஆபத்து. அப்படியும் கற்றுக்கொடுத்தார். சமஸ்கிருதம் முறையாகப் படித்த முதல் ஐரோப்பியர் நொபிலிதான் என்று மாக்ஸ் முல்லர் போன்ற அறிஞர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். நொபிலியிடம் முதலில் சேர்ந்தவர் யார் தெரியுமா? ஒரு பள்ளிக்கூட வாத்தியார்! சைவ சித்தாந்தம் தெரிந்தவர். சும்மா சேரவில்லை. 20 நாள், தினமும் நாலைந்து மணி நேரம் இரண்டு பேரும் வாதம் செய்தார்கள். நம்ம பட்டிமன்றம் ஒரு மணி நேரத்திலேயே கொட்டாவி வந்துவிடுகிறது, யோசித்துப் பாருங்கள். பதி, பசு, பாசம் என்ற மூன்றும் ஆரம்பமே இல்லாதவை என்பது வாத்தியார் கட்சி. பதி என்றால் கடவுள், பசு என்றால் உயிர், பாசம் என்றால் உயிரைக் கட்டி வைத்திருக்கும் தளை. நொபிலியின் கட்சி என்னவென்றால், மூன்றுமே என்றைக்கும் உள்ளவை என்றால் கடவுள் மட்டும் எப்படித் தலைவர் ஆவார், மற்ற இரண்டையும் அவர் உண்டாக்கவில்லையே என்பது. ஒன்றும் இல்லாததில் இருந்து ஒன்று எப்படி வரும் என்று வாத்தியார் திருப்பிக் கேட்டார். ஆளுக்கு ஆள் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் வாத்தியார் அவர் பக்கம் வந்தார்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பைபிளில் இப்படிச் சொல்லியிருக்கிறது, அதனால் நம்பு என்று நொபிலி ஆரம்பிக்கவில்லை. பைபிளை ஏற்காதவரிடம் பைபிளைக் காட்டி என்ன பிரயோஜனம்? அதனால் புத்தியைக் கொண்டே பேசினார். உலகம் என்று ஒன்று இருந்தால் அதற்குக் காரணம் ஒன்று இருக்க வேண்டும், அந்தக் காரணம் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும், அது எல்லாம் வல்லதாக இருக்க வேண்டும் என்று படிப்படியாகப் போவார். கணக்கில் நாம் தேற்றம் நிரூபிக்கிற மாதிரி. இவ்வளவும் முடிந்த பிறகுதான் கிறிஸ்துவைப் பற்றிய பேச்சு வரும். ஞானோபதேசம் என்ற அவருடைய பெரிய நூலும் இந்த வழியில்தான் போகிறது. ஆத்தும நிர்ணயம், தூஷண திக்காரம், புனர்ஜென்ம ஆட்சேபம், நித்திய ஜீவன சல்லாபம் என்று இன்னும் பல எழுதினார். எல்லாம் தமிழ் உரைநடை. எல்லோரும் செய்யுளில் எழுதிய காலத்தில் இவர் வசனத்தில் எழுதியதால் தமிழ் உரைநடையின் தந்தை என்று இவரைச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். வடமொழி நிறையக் கலந்திருக்கும், படிக்கக் கஷ்டம். கடவுளுக்கு அவர் எழுதிய சொல் சருவேசுரன்.

அந்தக் காலத்தில் ஐரோப்பாவிலும் இதே வேலைதான் நடந்துகொண்டிருந்தது. குரோஷியஸ் என்ற டச்சுக்காரர் சிறையில் இருந்துகொண்டு, கப்பலில் தூர தேசம் போகிறவர்கள் வேறு மதத்தாரிடம் பேசுவதற்காகக் கிறிஸ்தவ மதம் உண்மை என்று காட்டும் ஒரு நூலைச் செய்யுளாக எழுதினார். அந்தச் சிறையில் இருந்து 1621-இல் புத்தகப் பெட்டிக்குள் ஒளிந்து தப்பியவரும் அவரேதான்! அந்த நூல் லத்தீனில் 1627-இல் வந்தது. பிரெஞ்சுக்காரர் தெகார்த், கடவுள் உண்டு என்பதைப் புத்தியால் நிரூபிக்க 1641-இல் ஒரு நூல் வெளியிட்டார். ஆனால் அவர்கள் எல்லாம் அவர்கள் நாட்டில், அவர்கள் மொழியில், அவர்கள் மதத்திலேயே பிறந்தவர்களுக்குத்தான் பெரும்பாலும் எழுதினார்கள். எதிரில் ஒரு சைவ வாத்தியாரை உட்கார வைத்துக்கொண்டு அவர் மொழியில் 20 நாள் பேசியது நொபிலிதான். எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது.

புனர்ஜென்ம ஆட்சேபம் என்று சொன்னேன் இல்லையா, அதைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரையை நான் எழுதக் காரணமே அதுதான். என் தம்பிக்குப் பிறக்கும்போதே இரண்டு பாதமும் உள்பக்கம் வளைந்திருந்தது. வீட்டுக்குப் பார்க்க வந்த பாட்டிமார்கள் எல்லாம், போன ஜென்மத்துப் பாவம் என்று எங்க அம்மா முன்னாடியே சொல்லிவிட்டுப் போனாங்க. யார் செய்த பாவம் என்றுதான் அவர்களுக்குள் பேச்சு, தம்பி செய்ததா அம்மா செய்ததா என்று. எனக்கு அப்போது எட்டு வயது. எங்க அம்மா ஒன்றும் பதில் பேசவில்லை, அடுப்பையே பார்த்துக்கொண்டு இருந்தாங்க.

நொபிலி இதைத்தான் 400 வருஷத்துக்கு முன்னாடி கேட்டார். ஒருவனுக்குத் தண்டனை கொடுத்தால் அவன் திருந்த வேண்டும். எதற்காகத் தண்டனை என்றே அவனுக்கு ஞாபகம் இல்லை என்றால் எப்படித் திருந்துவான்? இந்தப் பிறவிக் கஷ்டத்துக்குப் போன பிறவி காரணம், அதற்கு அதற்கு முந்தினது காரணம் என்று போய்க்கொண்டே இருந்தால் முதல் பிறவியில் ஏற்றத்தாழ்வு எங்கிருந்து வந்தது? ஐயா இதைச் சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. இதை அன்றைக்கு எங்க வீட்டில் யாராவது கேட்டிருக்கக் கூடாதா என்று இருந்தது.

ஆனால் ஒரு பக்கம் மட்டும் எழுதினால் அது வாதம் இல்லை. சைவப் பெரியவர்களிடமும் பதில் இருக்கிறது. கைக்குழந்தையாக இருந்தபோது கீழே விழுந்தது நமக்கு ஞாபகம் இல்லை, ஆனாலும் தழும்பு இருக்கிறது இல்லையா, அதுபோலத்தான் வினையும் என்று எங்க தெருக் கோயில் குருக்கள் சொன்னார். நல்ல பதில்தான். ஆனால் தழும்பு தண்டனை இல்லையே என்று நான் யோசித்தேன், அவரிடம் கேட்க பயமாக இருந்தது.

நொபிலியிடமும் எனக்குச் சண்டை உண்டு. சரி, போன ஜென்மம் காரணம் இல்லை, அப்புறம் ஏன் ஒருத்தர் உயர்ந்தவராகவும் ஒருத்தர் தாழ்ந்தவராகவும் பிறக்கிறார் என்று கேட்டால், அவர் சொல்வது இதுதான்: உடம்பில் தலையும் வேண்டும் காலும் வேண்டும், நாட்டுக்கு ராஜாவும் வேண்டும் வேலைக்காரரும் வேண்டும், அப்போதுதான் உலகம் நடக்கும். கடவுள் அப்படி வைத்திருக்கிறார். இங்கேதான் எனக்கு அவரைப் பிடிக்காமல் போனது. தலை சாப்பிடும்போது காலைத் திண்ணைக்கு வெளியே நிறுத்துவது உண்டா? பாவம் என்று சொன்னாலும் கடவுள் ஏற்பாடு என்று சொன்னாலும், வெளியே நிற்கிறவர் நின்றுகொண்டுதானே இருக்கிறார். போன ஜென்மத்தை அவ்வளவு கூர்மையாகக் கேள்வி கேட்டவர் சாதியை மட்டும் கேட்கவில்லை.

பேச்சில் மட்டும் இல்லை, நடைமுறையிலும் அப்படித்தான். பூணூல், குடுமி, சந்தனம் எல்லாம் மதச் சின்னம் இல்லை, குலத்தைக் காட்டும் அடையாளம்தான், அதனால் கிறிஸ்தவர் ஆனாலும் வைத்துக்கொள்ளலாம் என்றார் அவர். அதற்கு வடமொழி நூல்களில் இருந்தே ஆதாரம் காட்டி 1613-இல் லத்தீனில் பெரிய விளக்கம் எழுதினார். ஆனால் உயர்சாதியார் வர வேண்டும் என்பதற்காக, தாழ்த்தப்பட்டவர்களிடம் நேராகப் பழகாமல் இருந்தார். 1640-இல் இருந்து பண்டார சுவாமிகள் என்று இன்னொரு வகைச் சாமியார்கள் மற்ற சாதியாருக்கு என்று தனியாக வந்தார்கள். ஒரே சபை, ஒரே வேதம், ஆனால் சாமியாரே இரண்டு வகை. பின்னால் கோயில்களில் சாதி வாரியாகப் பிரித்து உட்கார வைத்த கொடுமைக்கு இதுவும் ஒரு காரணம் என்று சொல்பவர்கள் உண்டு. அந்தக் காலத்தில் வேறு வழி இல்லை என்று ஐயா சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஐயாவும் கோபப்படவில்லை, அதையே எழுது என்று சொல்லிவிட்டார்.

இவருக்கு எதிர்ப்பு இந்துக்களிடம் இருந்து வந்ததைவிட சொந்தச் சபையில் இருந்து வந்ததுதான் அதிகம். 1610-இல் பெர்னாண்டஸ் சாமியாரே புகார் எழுதினார். நொபிலி இந்துவாகவே மாறிவிட்டார் என்று ரோம் வரைக்கும் செய்தி போனது. அங்கே பெல்லார்மின் என்ற பெரிய கர்தினால் இவருக்கு உறவினர். அவரே மனசு உடைந்து வருத்தமாகக் கடிதம் போட்டார். நொபிலியின் விளக்கம் கிடைத்த பிறகு அவர் மனம் மாறினார். (1616-இல் கலிலியோவைக் கூப்பிட்டு, பூமி சுற்றுகிறது என்று பேசக்கூடாது என்று எச்சரித்தாரே, அதே பெல்லார்மின்தான். அறிவியல் டீச்சர் கவனிக்கவும்!) 1619-இல் கோவாவில் பெரிய விசாரணைக் கூட்டம். நொபிலி காவி உடையிலேயே போய் நின்றார். பெரும்பாலோர் அவருக்கு எதிராகத்தான் பேசினார்கள். விஷயம் ரோமுக்குப் போய், 1623 ஜனவரி 31-ஆம் தேதி போப்பாண்டவர் 15-ஆம் கிரகோரி, சில நிபந்தனைகளோடு நொபிலியின் முறையை அனுமதித்தார். பெல்லார்மின் 1621-இலேயே இறந்துவிட்டதால் அதைப் பார்க்கவில்லை.

அதே 1623-இல்தான் அவர் நம்ம பக்கம் வந்தார். எனக்கு இது தெரிந்ததும் ரொம்ப சந்தோஷமாக இருந்தது. மதுரையில் இருந்து நடந்தே புறப்பட்டு, திருச்சிராப்பள்ளி வழியாக சேந்தமங்கலம், சேலம், மோரமங்கலம் என்று வந்தார். அப்போது அங்கங்கே சின்னச் சின்ன நாயக்கர்கள் ஆண்டார்கள். சேந்தமங்கலத்தில் ராமச்சந்திர நாயக்கர் அவரை மரியாதையாக வரவேற்றார். சேலம் நாயக்கரின் சகோதரரான திருமங்கல நாயக்கர், தன் உரிமையை இழந்து மோரமங்கலத்தில் இருந்தவர், 1625-இல் குடும்பத்தோடு கிறிஸ்தவர் ஆனார். நம்ம தர்மபுரி 1965-இல்தான் தனி மாவட்டம் ஆனது, அதுவரைக்கும் சேலம் ஜில்லாதானே. அதனால் நம்ம ஜில்லாவுக்கு வந்தவர் என்று நான் சொல்லிக்கொள்வதில் தப்பில்லை. தொப்பூர் கணவாய் தாண்டினால் கொஞ்ச நேரத்தில் சேலம். பஸ்ஸில் நாம் தூங்கிக்கொண்டே போகும் ஊருக்கு அவர் கட்டைச் செருப்போடு நடந்து வந்திருக்கிறார்.

பிறகு திரும்பவும் மதுரை, திருச்சி என்று வேலை. 1640-இல் மதுரையில் அவரைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். திருமலை நாயக்கர் காலம் அது. அடுத்த வருஷம் விடுதலை. அதற்குள் வயது அறுபதைத் தாண்டிவிட்டது, கண்பார்வையும் குறைந்துகொண்டே வந்தது. மதுரையை விட்டு வர அவருக்கு மனசே இல்லை. ஆனாலும் சபை சொன்னதால் யாழ்ப்பாணம் போனார், அப்புறம் மயிலாப்பூர் வந்தார். அங்கேயும் ஊருக்கு வெளியே ஒரு குடிசை, அதே காய்கறிச் சாப்பாடு. கண் தெரியாததால் தானே எழுத முடியவில்லை. அவர் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதினார்கள், பழைய நூல்களைத் திருத்தினார்கள். பிரபு வீட்டு மூத்த பிள்ளை, ஒரு தடவைகூட ஊருக்குத் திரும்பிப் போகவில்லை. 1656 ஜனவரி 16-ஆம் தேதி, தமிழ்நாட்டில் நாம் பொங்கல் கொண்டாடும் அதே வாரத்தில், மயிலாப்பூரில் இறந்தார். வயது 78.

அவருடைய வழியில் காவி உடுத்திப் பல பேர் வந்தார்கள். அதில் ஒருவர்தான் நம்ம வீரமாமுனிவர். 1744-இல் போப்பாண்டவர் 14-ஆம் பெனடிக்ட் இந்தச் சடங்கு முறைகளுக்கு நிறையக் கட்டுப்பாடு போட்டார், தாழ்த்தப்பட்டவர்களை ஒதுக்காமல் அவர்களிடமும் சாமியார்கள் போக வேண்டும் என்பதும் அதில் வந்தது. நூறு வருஷம் லேட்.

என் தம்பியைப் பற்றிக் கேட்பீர்கள். தர்மபுரி பெரியாஸ்பத்திரியில் வாராவாரம் மாவுக்கட்டு போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகப் பாதத்தை நேராக்கினார்கள். கருவில் இருக்கும்போதே பாதம் இப்படி வளைவது பல குழந்தைகளுக்கு உண்டு, யாரும் செய்த பாவம் இல்லை என்று டாக்டரம்மா எங்க அம்மாவுக்கு உட்கார வைத்துச் சொன்னாங்க. அன்றைக்குப் பஸ்ஸில் வரும்போது எங்க அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாங்க. அவன் இப்போது நம்ம ஊர் ஆரம்பப் பள்ளியில் முதல் வகுப்பு படிக்கிறான், ஓட்டப் பந்தயத்தில் கடைசியாக வந்தாலும் ஓடி முடிக்கிறான்.

அந்த 20 நாள் வாதத்துக்கு 21-ஆம் நாள் ஒன்று இருந்து, என்னையும் ஓரமாக உட்கார விட்டிருந்தால், இரண்டு பேரையும் ஒரு கேள்வி கேட்டிருப்பேன். வாத்தியாரே, சாமியாரே, கடவுள் யார் என்று இவ்வளவு நேரம் பேசினீர்களே, வாசலில் நிற்கிறவரை உள்ளே கூப்பிட்டு அவரிடமும் கேட்டீர்களா என்று. என்ன பதில் சொல்லியிருப்பார்கள் என்று தெரிந்தவர்கள் 9-ஆம் வகுப்பு, ஜன்னல் ஓர இரண்டாவது பெஞ்சில் வந்து சொல்லலாம். தாளில் இதோடு இடம் முடிந்துவிட்டது.